போட்டாதாங்கில் ஆடிப் பட்டம் செல்லாது

(சென்ற மாத இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



"பருவமும் பயிரும்" என்று தலைப்பு கொடுத்தாங்க. தோட்டக் குறிப்பு கிடைக்கும்னு வந்தவங்களுக்கு அது கண்டிப்பா கிடைக்கும். கூடவே கடன், கப்பல், உளுந்து பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. எந்த மாதத்தில் எதை விதைக்கிறோம் என்பதை மழை மட்டும் முடிவு பண்றதில்லை. விதைக்கக் காசு கொடுக்கிறவன், விளைந்ததை வாங்குகிறவன், நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறவன், எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்றாங்க.

நான் பிறந்தது யாங்கோன் நகரத்தில் போட்டாதாங். பர்மிய மொழியில் "போ" என்றால் படைத்தலைவன், "தத்தாங்" என்றால் ஆயிரம். ஆயிரம் படைத்தலைவர்கள் என்று பொருள். ஆற்றங்கரையில் பகோடாவும் படகுத்துறையும் இருக்கு. 1947 ஜூலை 19-ல் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்ட பழைய தலைமைச் செயலகமும் எங்கள் டவுன்ஷிப்பில்தான் இருக்கு. ஆறு ஏழு மாடி, ஒல்லியான கட்டடங்கள். முன்பக்கம் கம்பி போட்ட பால்கனி, பின்பக்கம் சந்து. தோட்டம் என்றால் இந்த இரண்டு இடமும்தான். எங்க வீட்டில் நான் நாலாவது தலைமுறை. வீட்டுக்குள்ள தமிழ், தெருவில் பர்மியம்.

பழமொழி எந்த ஊர் மழையைப் பார்த்தது?

"ஆடிப் பட்டம் தேடி விதை." நம்மில் பாதிப் பேருக்கு விவசாயம் பற்றித் தெரிந்த ஒரே வாக்கியம் இதுதான். கெட்ட வாக்கியம் இல்லை. தமிழ்நாட்டு மழைக்கு மிகச் சரியான வாக்கியம். அங்கே பெரும்பாலான பகுதிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருது. ஆடியில் லேசான மழை, ஆற்றில் புதுத் தண்ணி. அப்போ விதைத்தால் செடி வேர் பிடித்து நிற்கிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வரும். அந்தக் கணக்கு பல நூறு வருஷம் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு.

இப்போ யாங்கோனுக்கு வாங்க. அங்கே வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் தலா 500 மில்லிமீட்டருக்கு மேல். ஆடி என்பது சரியாக அந்த உச்சத்தில் விழுது. அந்த நேரத்தில் கத்தரி விதையைத் தொட்டியில் போட்டால் அழுகிப் போகும். எங்க பாட்டி சொல்வாங்க: "ஆடியில விதைச்சா தவளைக்குத்தான் சாப்பாடு." அதையும் ஒரு பழமொழியாகத்தான் நான் எடுத்துக்கறேன். யாங்கோன் மழையைப் பார்த்து யாங்கோன் தமிழச்சி சொன்னது.

இதே ஆடி சிட்னியில் நடுக் குளிர்காலம். டொரொண்டோவில் காய் பறிக்கத் தொடங்குகிற கோடை. அங்கே இருக்கிற நம்ம அம்மம்மாக்கள் "விக்டோரியா நாள் கழியட்டும், அதுக்குப் பிறகு தக்காளிக் கன்றை வெளியே வை" என்று சொல்றாங்க. மே கடைசி வரை உறைபனி வரலாம் என்பதால் அந்த ஊர் தோட்டக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு அது. அதைத் தமிழில் சொல்லிப் பழகியதும் அது தமிழ் அறிவு ஆயிடுச்சு.

பருவ அறிவு மரபணுவில் வராது. மண்ணிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் வருது. "பாரம்பரிய வேளாண்மை" என்ற பெயரில் ஊர்க் காலண்டரை அப்படியே தூக்கிக் கொண்டு வந்து வைத்தால் செடியும் பிழைக்காது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சும் தொடங்காது.

மூன்று காலம், மூன்று வேலை

யாங்கோனில் மூன்று காலம்: வெயில், மழை, குளிர். ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியமான திறமை இருக்கு.

வெயில் காலம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடிய. இது விதைக்கிற காலம் இல்லை, தயாராகிற காலம். தொட்டி மண்ணைக் கொட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பணும். மக்கின எருவும் உமிச் சாம்பலும் கலக்கணும். பசுண்டாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள் நிறைந்திருந்த ஊர் அது, உமிக்குப் பஞ்சம் வந்ததில்லை. சுரை, பீர்க்கு, பாகலுக்குப் பந்தல் கட்டி முடிக்கணும். மழை தொடங்கிய பிறகு பந்தல் கட்டப் போனால் கொடி உங்களுக்காகக் காத்திருக்காது. சித்திரைப் பிறப்பும் பர்மியர்களின் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும். திஞ்சான் முடிந்து முதல் மழை விழுந்ததும் முருங்கைப் போத்து நடலாம். மணிக்கட்டுப் பருமன், இரண்டு முழ நீளம். மேட்டில் நடணும், தண்ணி நின்றால் அடி அழுகிடும்.

மழைக் காலம் வைகாசியிலிருந்து ஐப்பசி வரை. இங்கே தேவைப்படும் திறமை தண்ணி ஊற்றுவது இல்லை, தண்ணியை வெளியேற்றுவது. பாத்தியை ஒரு சாணாவது உயர்த்தணும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்கணும், அடியில் நாலு ஓட்டையாவது வேணும். உரத்தை மொத்தமா போட்டால் மழை அடித்துக் கொண்டு போயிடும், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போடணும். கீரை இலையில் சேறு தெறிக்காமல் இருக்க வைக்கோல் பரப்பணும். வாரம் ஒரு தடவை தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்கணும். மழைக்காலம் டெங்கு காலம், நம்ம தோட்டத்துக் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். தோட்டம் வைப்பது கூட்டுப் பொறுப்பு என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியலை.

இந்தக் காலத்தில் எது வரும்? வெண்டை, காராமணி, சேம்பு, கொடிக்காய்கள் வரும். மலேசியாத் தோழர்கள் கங்கோங் என்று சொல்கிற கீரை, தண்ணியிலேயே வளரும். அப்புறம் புளிச்சக்கீரை. பர்மிய மொழியில் "சின்பவுங்". ஆந்திராவிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கு அது கோங்குரா, நமக்குப் புளிச்சக்கீரை, பர்மியர்களுக்கு மீனோடும் இறாலோடும் வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற தினசரி உணவு. ஒரே கட்டடத்தில் மூன்று மொழிக்காரரும் வளர்க்கத் தெரிந்த செடி. எங்க கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பர்மிய அக்கா, பர்மியத்தில் அக்காவை "அமா" என்போம். "நுனியை ஒடிச்சுக்கிட்டே இரு, பூக்க விடாதே" என்று எனக்குச் சொல்லித் தந்தது அவங்கதான். ஒடிக்க ஒடிக்கத்தான் பக்கக் கிளை வரும்.

குளிர் காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை. மழை கிட்டத்தட்ட இல்லை. தக்காளி, கடுகுக்கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் எல்லாம் இப்போதான். ஐப்பசிக் கடைசியில் நாற்று விட்டுடணும், தாமதித்தால் காய்க்கிற நேரத்தில் வெயில் வந்து பூ உதிரும். காலையில் தண்ணி, அடியில் மூடாக்கு.

இந்தக் காலத்தின் முடிவில் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இருக்கு: விதை எடுப்பது. பயறு வகை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அதனால் விதை பெரும்பாலும் தாய்ச் செடி மாதிரியே வரும். தொடங்குகிறவர்கள் அதில் தொடங்குங்க. சுரையும் பூசணியும் பக்கத்துச் செடியோடு கலக்கும். கடையில் வாங்கின வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது, வருஷா வருஷம் வாங்கிக்கிட்டே இருக்கணும். கத்தரியைப் பழுத்து மஞ்சளாகும்வரை செடியிலேயே விடணும். நல்லா காய்த்த செடியின் முதல் காயைக் குழம்புக்குப் பறிக்காமல் விதைக்கு விடுவதுதான் கஷ்டம். உலர்ந்த பயறைச் சாம்பல் கலந்து இறுக மூடி வைக்கலாம். தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்களே, வண்டு வராமல், அதே வேலைதான்.

காலண்டர் யாருடையது?

இதுவரை சொன்னது பால்கனி அளவு. இனி ஐராவதி டெல்டா அளவு.

1852-ல் பிரிட்டிஷார் கீழ் பர்மாவைப் பிடித்த பிறகு அந்தச் சதுப்பு நிலம் நெல் வயலாக மாறியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஏற்றுமதி இன்னும் வேகமெடுத்தது. காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பெரும்பாலும் பர்மிய விவசாயிகள். அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கப்பல் கப்பலாக வந்தவர்கள் தெலுங்கர்களும் தமிழர்களும் ஒடியர்களும். 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் ரங்கூனில் இறங்கினார்கள். பலர் கார்த்திகை, மார்கழியில் நெல் அறுத்து, பிறகு ஆலைகளில் மூட்டை தூக்கி, மழை தொடங்குமுன் ஊர் திரும்பினார்கள். அவர்கள் வாழ்க்கையே ஒரு பருவகாலப் பயிர் மாதிரி. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார், கூலியில் பிடித்துக்கொள்வார்.

அதே பருவக் காலண்டரில் இன்னொரு தமிழரும் இருந்தார். மழைக்கு முன்னால் விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் கடன் கொடுத்து அறுவடைக்குப் பிறகு வட்டியோடு வாங்கிய செட்டியார். 1930 வரை கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. 1938-க்குள் அது 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம்தான், நிலம் இல்லை என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. அது உண்மையாகவே இருக்கட்டும். நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பர்மியத் தொழிலாளர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். கலவரம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள். மூட்டை தூக்கியவன் மேல் மூட்டை தூக்க வந்தவன் பாய்ந்தான். சம்பளத்தைக் குறைவாக வைத்திருந்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியது.

இதை நான் ஏன் சொல்றேன்னா, "பர்மாவில் நம்மவர்கள்" என்று பேசும்போது மேஸ்திரியிடம் கடன்பட்டு வந்தவரையும் கடன் கொடுத்தவரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். 1942-ல் நடந்தே இந்தியா போக முயன்றவர்களிலும், 1960களில் நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கிய பிறகு கப்பலேறியவர்களிலும் ஏழைகள் ஏராளம். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெகுவிலும் மோன் மாநிலத்திலும் டெல்டாவிலும் இன்னும் பயிர் செய்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருக்கு. எல்லா நிலத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசு என்று 2008 அரசியல் சட்டம் சொல்லுது. கையில் சரியான அட்டை இல்லாதவரால் உழுகிற நிலத்தின் மேல் உரிமை கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்க. பருவம் தெரிந்தும் வயல் நிச்சயமில்லை.

உங்கள் இட்லியில் இருக்கிற பர்மா

இப்போ உளுந்து. நெல் அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தை மட்டும் நம்பி, தண்ணி பாய்ச்சாமல் வளர்க்கிற பயிர். தஞ்சாவூரில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே தை மாதம் விதைப்பாங்க. மண் மெழுகுப் பதத்தில் இருக்கணும். முன்னாடி போட்டால் அழுகும், பின்னாடி போட்டால் முளைக்காது. கீழ் பர்மாவில் மழைக்கால நெல் முன்னதாகவே அறுவடையாவதால் உளுந்தும் முன்னதாகவே, நவம்பர், டிசம்பர் வாக்கில் மண்ணுக்குப் போகுது. பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பு. இரண்டு டெல்டா, ஒரே திறமை, வேற வேற மாதம்.

பர்மியர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போகுது. இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மருடையது. அதனால் அந்த விவசாயியின் வருஷம் டெல்லியில் தீர்மானமாகுது. 2017 ஆகஸ்டில் இந்தியா திடீரென்று பருப்பு இறக்குமதிக்கு அளவு வைத்தது: துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். மியான்மரில் விலை சரிந்தது. மழையும் பூச்சியும் பார்த்துப் பழகின விவசாயிக்கு அந்த அறிவிப்பு எந்தப் பருவத்தில் வரும் என்று எந்தப் பழமொழியும் சொல்லித் தரலை.

2021 பிப்ரவரி 1-ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூனில் இந்தியா ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்கிக்கொள்வதாக அந்த அரசோடு ஒப்பந்தம் செய்தது. உளுந்து வாங்காதீர்கள் என்று நான் கேட்கலை. வாங்காவிட்டால் முதலில் அடி விழுவது விவசாயிக்குத்தான், 2017-ல் பார்த்தோம். நான் கேட்பது வேற: யாங்கோன் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் போகும் அந்த மூட்டையில் விவசாயிக்கு எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, இராணுவத்துக்கு எவ்வளவு என்று கேட்கிற வேலையை நம்ம கூட்டிணைவு எடுத்துக்கலாமா?

தொட்டிச் செடியின் எல்லை

2008 மே 2-ம் தேதி இரவு நர்கிஸ் புயல் டெல்டாவை அடித்தது. ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மாடு செத்தது, விதை நெல் போனது, வயலில் உப்புத் தண்ணி ஏறியது. நாற்று விட இருந்த அவகாசம் சில வாரம்தான். பருவம் எவ்வளவு இரக்கமில்லாதது என்பது அப்போ தெரிந்தது. ஜூனில் விதை கிடைக்காத குடும்பத்துக்கு ஆகஸ்டில் வரும் உதவியால் நெல் விளையாது. நிவாரணம் அனுப்புகிற நாம் எல்லாரும் இதை எழுதி வைத்துக்கணும். இப்போதும் 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிறகு இளைஞர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். நாற்று நடுகிற வாரத்தில் கை குறைந்தால் அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

இதை வைத்து நான் பால்கனித் தோட்டத்தைப் புரட்சி என்று சொல்ல வரலை. சோவியத் உதவி நின்றபோது ஹவானா மக்கள் காலி மனைகளில் காய்கறி போட்டு நகரத்தைத் தாங்கினார்கள், அது பெரிய சாதனை. அந்த கியூபாவே இன்றும் உணவில் பெரும்பகுதியை வெளியே வாங்குகிறது. நாலு தொட்டியால் அரிசி விளையாது. நில உரிமைக்காகவும் கூலிக்காகவும் நடக்கிற போராட்டத்துக்குத் தொட்டிச் செடி பதில் ஆகாது.

அப்புறம் ஏன் செய்யணும்? ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு வேலையைவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த அரசு ஊழியர்கள் சம்பளம் இழந்தார்கள், பலர் அரசுக் குடியிருப்பையும் இழந்தார்கள். அவர்களைத் தாங்கினது அக்கம்பக்கம். அரிசி, எண்ணெய், கீரைக்கட்டு. யாங்கோனில் பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிட்டுச் சாமான் ஏற்றுகிற வழக்கம் உண்டு. மாடிக்கு ஒரு கட்டுச் சின்பவுங் ஏறினால் அது பசியைப் பாதிதான் தீர்க்கும். யார் கதவைத் தட்டலாம் என்பது தெரிந்துவிடும். நெருக்கடி வந்த அன்றைக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியாது, முன்னாடியே வேணும்.

கடைசியா மூன்று வேலை சொல்றேன்.

ஒன்று, உங்கள் ஊருக்கான பன்னிரண்டு மாத அட்டவணை ஒன்று போடுங்க. தமிழ் மாதம் ஒரு பக்கம், அந்த ஊர் மழையும் பனியும் மறுபக்கம். பக்கத்தில் இருக்கிற, தமிழ் தெரியாத தோட்டக்காரர் ஒருவரைக் கேட்காமல் அதை முடிக்கக் கூடாது. நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர், வாடகை வீட்டுக்காரர் இவர்களுக்கு உங்கள் ஊரில் பயிரிட எங்கே இடம் கிடைக்கும் என்றும் அதிலேயே எழுதுங்க. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 1908 சட்டப்படி உள்ளூர் மன்றத்திடம் தோட்டத் துண்டு கேட்கிற உரிமை இருக்கு. வரிசை நீளம்தான், இன்றே பெயர் கொடுங்க.

இரண்டு, ஒரே ஒரு பயறு வகையிலிருந்து இந்த வருஷம் விதை எடுங்க. எல்லை தாண்டி விதை அனுப்புவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் இருக்கு, அதனால் உங்கள் ஊருக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்க.

மூன்று, உளுந்து. ஒரு சின்னக் குழு வேணும். இறக்குமதி அறிவிப்புகளையும் விலையையும் மாதம் ஒரு தடவை பார்த்துத் தமிழிலும் பர்மியத்திலும் ஒரு பக்கம் எழுதணும். பர்மியம் என் பொறுப்பு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் அரசாணைகளைப் படிக்க இரண்டு பேர் வேணும். விருப்பமுள்ளவங்க இந்த மடலுக்கே பதில் போடுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அட்டவணையில் முதல் மூன்று மாதத்தையாவது நிரப்பிக்கொண்டு வாங்க, சேர்த்துப் பார்ப்போம்.